கப்பல்களை நடுங்க வைத்த பாறை காவல் கேட்கிறது!

நடுக்கடலில் ஓர் இரும்புக் கோபுரம் - அதன் காலடியில் ஒரு பவள நகரம்

அமெரிக்காவின் தென்கிழக்குக் கோடியில் புளோரிடா மாநிலம் இருக்கிறது. அதன் நுனியிலிருந்து, நூல் அறுந்து சிதறிய மணிகளைப் போல, சின்னஞ்சிறு தீவுகள் வரிசையாகச் செல்கின்றன. இந்தத் தீவுகளுக்கு "கீஸ்" என்று பெயர்.

அவற்றுள் ஒன்றில் மாரத்தான் என்ற ஊர் உள்ளது. அங்கே படகில் ஏறித் தெற்கே சில மைல் தூரம் சென்றால், நடுக்கடலில் ஒரு விந்தையைக் காணலாம்.

சுற்றிலும் தண்ணீர். தீவு இல்லை. மரம் இல்லை. வீடு வாசல் இல்லை. ஆனால் அலைகளுக்கு நடுவே ஓர் இரும்புக் கோபுரம் நெடுநெடுவென்று நிற்கிறது!

அதுதான் சோம்பிரேரோ கலங்கரை விளக்கம்.

நிலமே இல்லாத இடத்தில் விளக்குக் கோபுரம் எதற்கு? அது எதன் மேல் நிற்கிறது?

தண்ணீருக்கு அடியில் பார்த்தால் பதில் கிடைக்கும். அங்கே ஒரு பவளப் பாறை இருக்கிறது. 19-ம் நூற்றாண்டின் மாலுமிகளுக்கு அந்தப் பாறை எமன். அந்த எமனிடமிருந்து கப்பல்களைக் காப்பாற்றவே கோபுரம் எழுந்தது.

இன்று கதை தலைகீழாக மாறிவிட்டது. பாறையிடமிருந்து கப்பலைக் காத்த காலம் போய், மனிதனிடமிருந்து பாறையைக் காக்க வேண்டிய காலம் வந்துவிட்டது!

தொப்பித் தீவு

"சோம்பிரேரோ" என்பது ஸ்பானிஷ் மொழிச் சொல். அதற்குத் தொப்பி என்று பொருள். ஸ்பெயின் நாட்டு மாலுமிகள் வைத்த பெயர் அது.

அந்த நாளில் இங்கே உண்மையிலேயே ஒரு சிறு தீவு இருந்தது. பழைய கடல் வரைபடங்களில் அதைக் காணலாம். அலைகள் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து அந்தத் தீவைக் கரைத்துவிட்டன. இப்போது கடல் வற்றும் நேரத்தில் மட்டும் பாறையின் சில பகுதிகள் தலை காட்டும். தீவு போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது.

புளோரிடாவின் பவளப் பாறைத் தொடர் சுமார் 350 மைல் நீளம் உள்ளது. அதன் ஒரு பகுதி இந்தத் தீவுகளுக்கு வெளியே மதில் சுவர் போல ஓடுகிறது. அந்த மதிலுக்கு அப்பால் ஆழ்கடல். ஆழ்கடலில் "வளைகுடா நீரோட்டம்" என்ற பெரிய நீரோட்டம், கடலுக்குள் ஓர் ஆறு ஓடுவதைப் போல, வடகிழக்கு நோக்கிப் பாய்கிறது.

அந்த நாளில் பாய்மரக் கப்பல்களுக்கு இந்த நீரோட்டம் ஒரு பெரிய தொல்லை. வடக்கே போகும் கப்பலை அது தள்ளிவிடும். தெற்கே வரும் கப்பலையோ தடுத்து நிறுத்தும். ஆகவே தெற்கே வரும் கப்பல்கள் நீரோட்டத்திற்கு ஒதுங்கி, பாறையை ஒட்டியே செல்லும். இரவு நேரம், கொஞ்சம் காற்று, சிறிது கவனக் குறைவு - அவ்வளவுதான்! கப்பலின் அடிப்பாகம் கிழிந்துவிடும்.

இங்குள்ள பாறைகளின் பெயர்களே அந்தக் கதையைச் சொல்லும். 1770-ம் ஆண்டில் காரிஸ்போர்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒரு பாறையில் ஏறி நின்றது. அந்தப் பாறைக்கு அதன் பெயரே நிலைத்துவிட்டது. 1822-ல் அலிகேட்டர் என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் வேறொரு பாறையில் சிக்கி அழிந்தது. அது அலிகேட்டர் பாறை ஆயிற்று.

உடைந்த கப்பலால் ஒரு பிழைப்பு!

ஒருவன் நஷ்டம் மற்றொருவனுக்கு லாபம் அல்லவா?

தீவுத் தொடரின் கோடியில் உள்ள கீ வெஸ்ட் நகரில் ஒரு விசித்திரமான தொழில் வளர்ந்தது. பாறையில் மோதிய கப்பலிலிருந்து ஆட்களையும் சரக்கையும் மீட்பதுதான் அந்தத் தொழில். எங்காவது கப்பல் தட்டிவிட்டது என்ற செய்தி வந்ததும் படகுகள் பறக்கும். முதலில் போய்ச் சேர்ந்தவரே மீட்பு வேலைக்குத் தலைவர்.

மீட்ட சரக்கில் யாருக்கு எவ்வளவு பங்கு? அதில் சண்டை வராமல் இருக்குமா? இந்த வழக்குகளைத் தீர்ப்பதற்காகவே 1828-ல் கீ வெஸ்டில் ஒரு நீதிமன்றம் ஏற்பட்டது. மீட்புத் தொழில் செய்ய நீதிபதியிடம் அனுமதி பெற வேண்டும் என்ற விதியும் வந்தது.

ஆனால் கப்பல் முதலாளிகள் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டிருப்பார்கள்? பாறையின் மேலேயே விளக்கு வேண்டும் என்ற குரல் எழுந்தது.

செங்கல் தோற்றது, இரும்பு வென்றது

கடலில் விளக்கு வைப்பது எளிதான வேலை அல்ல. அதற்கு ஒரு சோகக் கதை சாட்சி.

கீ வெஸ்டுக்கு அருகே சாண்ட் கீ என்ற மணல் திட்டில் 1827-ல் செங்கல்லால் ஒரு விளக்குக் கோபுரம் கட்டினார்கள். 1846-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பயங்கரப் புயல் ஒன்று அடித்தது. மறுநாள் பார்த்தால் கோபுரம் இல்லை. திட்டும் இல்லை! விளக்குக் காவலரும் அவருடன் இருந்தவர்களும் கடலுக்குப் பலி ஆனார்கள்.

செங்கல் சுவர் அலையை எதிர்த்து நிற்கிறது. அதனால் அலை அதைச் சாய்த்துவிடுகிறது. அலையைத் தடுக்காமல் உள்ளே புகுந்து போக விட்டுவிட்டால்?

இந்த யோசனையில் பிறந்ததுதான் இரும்புச் சட்டக் கோபுரம். கனத்த இரும்புத் தூண்களைப் பாறைக்குள் இறக்கி, அவற்றைக் குறுக்குக் கம்பிகளால் பிணைத்தார்கள். நடுவில் சுவர் கிடையாது. எவ்வளவு பெரிய அலை வந்தாலும் கால்களின் இடையே நுழைந்து மறுபக்கம் போய்விடும்.

இந்த முறையில் ஆறு கோபுரங்கள் எழுந்தன. காரிஸ்போர்ட் 1852, சாண்ட் கீ 1853, சோம்பிரேரோ 1858, அலிகேட்டர் 1873, பவுவே ராக்ஸ் 1878, அமெரிக்கன் ஷோல் 1880. ஆறும் எத்தனையோ புயல்களைக் கண்டுவிட்டன. இன்றும் நிற்கின்றன.

முதல் மூன்று கோபுரங்களின் வேலையை நடத்தியவர் ஜார்ஜ் மீட் என்ற ராணுவப் பொறியாளர். இவர்தான் பிற்காலத்தில், 1863-ல், கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் ஜெனரல் லீயின் படையைத் தோற்கடித்த தளபதி!

ஆறு கோபுரங்களிலும் உயரமானது சோம்பிரேரோதான். கடல் மட்டத்துக்கு மேலே 142 அடி உயரத்தில் அதன் விளக்கு இருந்தது. விளக்கைச் சுற்றிப் பட்டை தீட்டிய கண்ணாடித் துண்டுகளால் ஆன பெரிய கூண்டு ஒன்று உண்டு. பிரெனல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்த முறை அது. ஓர் எண்ணெய் விளக்கின் ஒளியைச் சிதறவிடாமல் திரட்டி, பல மைல் தூரம் அனுப்பிவிடும்.

கோபுரத்தின் இடுப்பில் ஒரு மேடை. மேடை மேல் வீடு. அங்கேதான் காவலர்களின் வாசம். விளக்கில் எண்ணெய் ஊற்றுவது, கண்ணாடியைத் துடைப்பது, பொழுது விடியும் வரை கண் விழித்திருப்பது - இவையே வேலை. காலடியில் எங்கும் தண்ணீர். குடிக்கவோ மழை நீரைச் சேர்த்து வைக்க வேண்டும்!

1960-ல் விளக்கு தானாக எரியும் ஏற்பாடு வந்தது. காவலர்கள் கரைக்குத் திரும்பிவிட்டார்கள். வானத்திலிருந்து வழி காட்டும் கருவிகள் வந்த பிறகு விளக்குக்கும் வேலை இல்லாமல் போயிற்று. 2015-ல் அதை அணைத்துவிட்டார்கள். பழைய கண்ணாடிக் கூண்டு இன்று கீ வெஸ்ட் கலங்கரை விளக்கக் காட்சிசாலையில் இருக்கிறது.

தண்ணீருக்குள் ஒரு நகரம்

விளக்கு அணைந்த பிறகும் படகுகள் வருகின்றன. சரக்கு ஏற்றிய படகுகள் அல்ல. வேடிக்கை பார்க்க வருகிறவர்களின் படகுகள்.

அவர்கள் கொண்டு வரும் சாமான்கள் மூன்று. கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு கண்ணாடி முகமூடி. வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய். காலில் மாட்ட, தவளைக் கால் போன்ற ரப்பர் துடுப்பு. குழாயின் மறுமுனை தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அதன் வழியாக மூச்சு விடலாம். முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்துக்கொண்டு மிதந்தால் போதும். ஆழத்தில் மூழ்க வேண்டியதில்லை. முதுகில் காற்றுக் குடுவையும் வேண்டாம். இதற்கு "ஸ்நார்க்கெல்" நீச்சல் என்று பெயர்.

ஆனால் ஒரு பாடம் முக்கியம்: மூக்கால் மூச்சு விடும் பழக்கத்தை மறக்க வேண்டும். வாயால் மெதுவாக இழுத்து, மெதுவாக விட வேண்டும். பதறினால் குழாயில் தண்ணீர் ஏறும். நீந்தத் தெரிந்தவர்களும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்வது நல்லது. துணை இல்லாமல் இறங்கவே கூடாது.

முகத்தைத் தண்ணீரில் வைத்ததும் காற்றின் இரைச்சல் நின்றுவிடும். வேறொரு ஓசை கேட்கும். பொரிகடலை வறுப்பதைப் போன்ற படபட ஓசை! கடலுக்கு அடியில் சின்னஞ்சிறு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. நடுநடுவே கற்கண்டைக் கடிப்பது போல "கறுக்" என்று கேட்டால், அது கிளி மீன். கிளியின் மூக்கைப் போன்ற அலகு அதற்கு உண்டு. பாறையைக் கொறித்து, பாசியைத் தின்றுவிட்டு, கல்லை மணலாக வெளியே தள்ளிவிடும். வெப்பக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் ஒரு பங்கு இந்த மீன் அரைத்த மாவுதான்!

சோம்பிரேரோவில் பாறை வரப்பு வரப்பாக அமைந்திருக்கிறது. இரண்டு வரப்புகளுக்கு நடுவே வெள்ளை மணல் பாதை. தெருவும் வீடுகளும் போல. சில இடங்களில் தண்ணீர் இடுப்பளவுதான். சில இடங்களில் 30 அடி. ஓரிடத்தில் பாறையே குடைந்து தோரண வாயில் போல வளைந்து நிற்கிறது.

கறுப்பு, மஞ்சள் வரி போட்ட சிறு மீன்கள் கூட்டமாக வந்து முகமூடியை எட்டிப் பார்க்கும். நீல மீன்கள் படை படையாகப் போகும். வெள்ளிக் கம்பி போன்ற சீலா மீன் அசையாமல் நின்று முறைக்கும். பல்லைக் காட்டினாலும் சும்மா இருப்பவரை அது சாதாரணமாக ஒன்றும் செய்வதில்லை. பளபளக்கும் நகைகளோடு தண்ணீரில் இறங்காமல் இருந்தால் சரி. மின்னுவதைக் கண்டு மீன் என்று நினைத்துவிடும்!

பவளம் என்பது கல்லா, உயிரா?

நகைக் கடையில் விற்கும் சிவப்புப் பவளத்தை நமக்குத் தெரியும். பாறை கட்டும் பவளம் அதன் தூரத்து உறவு.

பவளம் ஒரு பிராணி. பெரும்பாலான இனங்களில் ஒவ்வொரு பூச்சியும் நம் சுண்டு விரல் நகத்தை விடச் சிறியது. கடல் நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தனக்கு ஒரு கல் வீடு கட்டிக்கொள்கிறது. அதன் மேல் அடுத்த தலைமுறை வீடு கட்டும். இப்படி லட்சக்கணக்கில் சேர்ந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் எழுப்பியதே இந்தப் பாறை. உருண்டையாக வளரும் இனங்கள் பெரும்பாலும் ஒரு வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் கூட வளர்வதில்லை. ஒரு காலால் மிதித்து உடைப்பது, ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் நடந்த வேலையாக இருக்கலாம்!

பவளப் பூச்சியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. பாசிக்கு வீடு கிடைக்கிறது. அது சூரிய ஒளியில் உணவு சமைத்து, வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கிறது. பவளத்துக்கு நிறம் தருவதும் பெரும்பாலும் இந்தப் பாசிதான்.

கடல் நீர் வழக்கமான கோடைச் சூட்டை விட ஒன்றிரண்டு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நின்றால், இந்தக் குடித்தனம் முறிகிறது. பவளம் பாசியை வெளியே துரத்திவிடுகிறது. நிறம் போய் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடுகிறது. அப்போதே அது செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் சாவுதான்.

அடி மேல் அடி

இந்தப் பாறைக்கு விழுந்த அடிகள் ஒன்றிரண்டு அல்ல.

பாறையில் படரும் பாசியைத் தின்று துப்புரவு செய்யும் வேலை, நீண்ட கறுப்பு முட்கள் கொண்ட கடல் முள்ளிகளுடையது. 1983, 1984-ம் ஆண்டுகளில் ஒரு நோய் வந்து, கரீபியக் கடல் முழுவதும் அவற்றை வாரிக்கொண்டு போயிற்று. பாசி தலைவிரித்தாடியது.

1989-ம் ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில், மூன்று வாரங்களுக்குள் மூன்று பெரிய கப்பல்கள் அடுத்தடுத்து இந்தப் பாறைத் தொடரில் ஏறின. பழைய நாளாக இருந்தால் "ஐயோ, கப்பல்!" என்று மக்கள் அலறியிருப்பார்கள். அந்த ஆண்டு "ஐயோ, பாறை!" என்று அலறினார்கள். மறு ஆண்டே, 1990-ல், தீவுகளைச் சுற்றியுள்ள கடலைச் சரணாலயமாக்கும் சட்டம் வந்தது. 1997 முதல் சோம்பிரேரோவைச் சுற்றி மீன் பிடிக்கக் கடும் கட்டுப்பாடு. பவளத்தைத் தொடவும் தடை. நங்கூரத்தைப் பாறை மேல் எறியாதபடி மிதவைகள் கட்டியிருக்கிறார்கள். படகுக்காரர் கயிற்றை மிதவையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

2014-ல் மியாமி நகருக்கு அருகே புதிய நோய் ஒன்று தோன்றியது. இருபதுக்கு மேற்பட்ட பவள இனங்களை அது தாக்கியது.

பிறகு வந்தது 2023.

அந்த ஜூலை மாதம் கடல் கொதித்தது. எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தை ஒட்டிய மனாட்டி விரிகுடாவில், ஜூலை 24 அன்று, தண்ணீரின் சூடு 101 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டியது. மனிதனுக்கு அந்தச் சூடு வந்தால் வைத்தியரைத் தேடி ஓடுவோம்!

சோம்பிரேரோவில், பவள மீட்பு நிறுவனம் என்ற தொண்டு அமைப்பினர், பத்து ஆண்டுகளுக்கு மேலாகப் பவளக் கன்றுகளை நட்டு வளர்த்து வந்தார்கள். ஜூலை 20 அன்று அவர்கள் போய்த் தண்ணீரில் இறங்கிப் பார்த்தார்கள். நட்டவை எல்லாம் மடிந்து கிடந்தன. நூற்றுக்கு நூறு சாவு!

உருண்டை வடிவான சில இனங்கள் வெப்பத்தை ஓரளவு தாங்கின. ஆனால் மான் கொம்பு, கடமான் கொம்பு என்று அழைக்கப்படும் கிளைப் பவளங்கள் தாங்கவில்லை. மீன்களுக்கு வீடு கொடுத்தவை இவை. அலையை உடைத்துக் கரையைக் காத்தவையும் இவையே. கீஸ் தீவுகளிலும் அவற்றுக்கு மேற்கேயுள்ள டிரை டார்ட்டுகாஸிலும் இந்த இரண்டு இனங்களும் 98 முதல் 100 சதவீதம் வரை அழிந்தன என்று 2025 அக்டோபரில் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக உயிர் இருக்கலாம். ஆனால் பாறை கட்டும் வேலையை இனி அவற்றால் தாமாகச் செய்ய முடியாது.

கடலில் ஒரு நாற்றங்கால்

அதோடு கதை முடிந்ததா? இல்லை.

பவளத்தை நாற்று விட்டு நடலாம் என்று வழி காட்டியவர்களில் ஒருவர் கென் நெடிமயர். கடல் மீன் பிடித்து விற்றவர். பிறகு கடலில் கல் பயிரிட்டவர். கண்ணாடித் தொட்டிகளில் அலங்காரமாக வைக்கும் கற்கள் அவை. ஒரு நாள் அவருடைய கற்களின் மேல் மான் கொம்புப் பவளம் தானாகவே முளைத்திருந்தது. அதைக் கிள்ளி வளர்த்துப் பார்த்தார். வளர்ந்தது! 2007-ல் அவர் தொடங்கியதே பவள மீட்பு நிறுவனம்.

பிளாஸ்டிக் குழாய்களால் மரம் போல ஒன்று செய்து கடலில் மிதக்க விடுவார்கள். அதன் கிளைகளில் பவளத் துண்டுகள் கயிற்றில் தொங்கும். விரலளவு துண்டு சில மாதங்களில் கையளவு ஆகும். பிறகு அதைப் பாறையில் ஒட்டி நடுவார்கள்.

2023-ன் வெப்பத்தில், நாற்றங்கால்களில் மிஞ்சியிருந்த பவளங்களை அள்ளிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள். குளிர்ந்த நீர்த் தொட்டிகளில் ஆயிரக்கணக்கான துண்டுகளை வைத்துக் காப்பாற்றினார்கள். தீப்பிடித்த வீட்டிலிருந்து குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் போன்ற வேலை அது!

சூடு தாங்கும் இனத்தைத் தேடும் முயற்சியும் நடக்கிறது. ஹோண்டுராஸ் நாட்டின் வெதுவெதுப்பான கடலில் வாழும் கடமான் கொம்புப் பவளத்தையும் புளோரிடாப் பவளத்தையும் கலந்து குஞ்சுகள் பிறக்கச் செய்தார்கள். அந்தக் குஞ்சுகளை 2025 ஜூலையில் மியாமி அருகே கடலில் நட்டார்கள். சூட்டைத் தாங்கிப் பிழைக்குமா என்பதை வரும் கோடைகள் சொல்லும்.

கடல் மேலும் மேலும் சூடாகிக்கொண்டே போனால், எத்தனை நாற்று நட்டாலும் போதாது. புகை கக்கும் கரியும் எண்ணெயும் குறைந்தால்தான் கடல் சூடாவது மட்டுப்படும். அந்த வேலை புளோரிடாவில் மட்டும் முடிகிற வேலை அல்ல.

ஆனாலும் படகில் வந்து இறங்குகிறவர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாறை மேல் நிற்கக் கூடாது. துடுப்புக் காலால் உதைக்கக் கூடாது. ஞாபகார்த்தம் என்று ஒரு துண்டு கூட ஒடித்து வரக் கூடாது. கண்ணால் பார்த்து, மனத்தில் எடுத்துக்கொண்டு வரலாம்.

157 ஆண்டுகள் அந்த விளக்கு கப்பல்களுக்கு ஒரே சேதிதான் சொன்னது: "கிட்டே வராதே!" இன்று விளக்கு எரியவில்லை. அதன் காலடியில் மிதக்கும் படகு மிதவைகள் வேறு சேதி சொல்கின்றன: "வா, பார். ஆனால் தொடாதே!"